இன்றைக்கே கப்பல் வரலாம்

1915 பிப்ரவரி 24

அண்டார்டிகாவின் வெடல் கடலில் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் மாட்டி ஒரு மாதம் தாண்டிவிட்டது. பனியை வெட்டியும் அறுத்தும் பார்த்தாயிற்று, நகரவில்லை. இன்று பயணத் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கில்டன் கப்பலின் வழக்கமான பணிமுறையை நிறுத்தச் சொன்னார். இனி அது 28 பேர் குளிர்காலத்தைக் கழிக்கப்போகும் வீடு.

பாய்மரத்துக்கும் சுக்கானுக்கும் வேலை இல்லை என்றால் மாலுமிக்கும் வேலை இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 1898இல் பெல்ஜிகா கப்பல் இந்தக் கண்டத்தின் இன்னொரு பக்கத்தில் இப்படித்தான் சிக்கியது. அந்த நீண்ட இருட்டில் சிலருக்குப் புத்தி பேதலித்துப்போனது.

1915 ஜூன் 15

சூரியன் மறைந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று பனிமேல் நாய்வண்டிப் பந்தயம்! நாய்களைக் குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு குழுவாகப் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். தன் நாய்களுக்குத் தீனி போடுவது, பழக்குவது, காயம் பார்ப்பது எல்லாம் அவரவர் பாடு. பந்தயப் பணம் சாக்லேட்டும் சிகரெட்டும். துணைத்தலைவர் ஃபிராங்க் வைல்டின் வண்டி ஜெயித்தது. ஒரு வாரத்தில் நடுக்குளிர்கால நாள் வருகிறது. அதற்கு விருந்தும் பாட்டும் வேடமும் தயாராகின்றன.

சலிப்புக்கு இவர்கள் கண்ட மருந்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஒன்று கிடைப்பது மட்டும் போதாது. நம்மை நம்பி ஓர் உயிர் இருக்க வேண்டும், நாம் ஆயத்தம் செய்ய ஒரு நாள் முன்னால் இருக்க வேண்டும். வேலை போய் வீட்டில் இருப்பவரும், தேர்வு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவரும் செய்துபார்க்கக்கூடிய காரியம்தான் இது.

1915 அக்டோபர் 27

பனி நெருக்கிக் கப்பலை நொறுக்கிவிட்டது. இறங்கச் சொல்லிவிட்டார்கள். மலைத்துப்போய் நிற்கும் ஆட்களிடம் ஷாக்கில்டன் நீளமாகப் பேசவில்லை. தங்கக் காசுகளை எடுத்துப் பனியில் எறிந்தார். ஒருவருக்குச் சொந்தப் பொருள் சுமார் 900 கிராம்தான் என்று எல்லை போட்டார். எல்லாம் ஒரேயடியாகத் தலைமேல் விழும் நேரத்தில், எதை விடுவது என்று யாராவது முதலில் செய்து காட்டினால் மூச்சு வருகிறது. ஆனால் வானிலையாளர் லியனார்ட் ஹஸ்ஸியின் பாஞ்சோவைக் கொண்டுவரச் சொன்னார். அதன் எடை 5 கிலோவுக்கு மேல். மனசுக்கு அது மருந்து என்று அவர் நினைத்தார்.

1915 டிசம்பர் 27

படகுகளை இழுத்துக்கொண்டு நடக்கும் திட்டம் தோற்றுக்கொண்டிருக்கிறது. தச்சர் மெக்னிஷ் இன்று இழுக்க மறுத்துவிட்டார். இந்தக் கதையில் எல்லாமே வெற்றி இல்லை. பாசமாக வளர்த்த நாய்களைப் பிறகு சுட வேண்டியிருந்தது. இதே பயணத்தில் கண்டத்தின் மறுபுறம் இறங்கிய இன்னொரு குழுவில் மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

1916 ஏப்ரல் 24

பனி பிளந்ததும் படகேறி வந்து, 497 நாட்களுக்குப் பிறகு தரையில் கால் பட்டு ஒன்பது நாள் ஆகிறது. எலிஃபன்ட் தீவு, ஆள் இல்லாத பாறை. ஷாக்கில்டனும் ஐந்து பேரும் ஒரு சிறு படகில், சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென் ஜார்ஜியாவுக்கு உதவி தேடிக் கிளம்பினார்கள். உறைபனி அலையில் யாராவது ஒருவர் வெடவெடவென்று நடுங்குவது கண்ணில் பட்டால், ‘பாஸ்’ என்று அவர்கள் அழைத்த ஷாக்கில்டன் எல்லோருக்குமே சூடான பால் போடச் சொல்வார். தன்னால்தான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. பயந்தவனைத் தனியாகச் சுட்டிக்காட்டாத இந்தப் பண்பு, எத்தனையோ தைரியப் பேச்சுகளைவிட உயர்ந்தது.

1916 ஜூன் 15

தீவில் 22 பேர். கல் அடுக்கிக் கட்டிய சுவர்மேல் இரண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டதுதான் வீடு. சீல், பெங்குயின் கொழுப்பு அடுப்பின் கரி எல்லோர் முகத்திலும் படிந்திருக்கிறது. உணவைப் பற்றிய பேச்சு ஓய்வதே இல்லை. சனிக்கிழமை இரவென்றால் பாஞ்சோவும் பாட்டும்.

இன்று பாட்டு இல்லை. இளைஞர் பிளாக்போரோவின் இடது கால் விரல்கள் உறைந்து அழுகிவிட்டன, எடுத்தாக வேண்டும். நல்ல உடம்போடு இருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். அடுப்பைக் கொழுந்துவிட எரியவைத்துக் குடிலைச் சூடாக்கினார்கள். டாக்டர் மாக்லின் குளோரோஃபார்ம் கொடுக்க, டாக்டர் மக்கில்ராய் அறுவை செய்தார். பயம் அத்தனை பேருக்கும் இருந்தது. ஆனாலும் அடுப்புக்கு ஒரு கை, கருவிக்கு ஒரு கை, விளக்குக்கு ஒரு கை என்று வேலை பிரிந்துவிட்டதால், பயந்துகொண்டே காரியத்தை முடித்தார்கள்.

1916 ஆகஸ்ட் 30

நான்கு மாதமாக வைல்ட் தினமும் காலையில் சொன்னது ஒன்றுதான்: படுக்கையைச் சுருட்டி வையுங்கள், பாஸ் இன்றைக்கு வந்தாலும் வரலாம். சிலர் நம்பவில்லை. நம்பாதவர்களும் சுருட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் கரையிலிருந்து ஒரு குரல்: கப்பல்! சிலி நாட்டுக் கடற்படையின் யெல்ச்சோ, மாலுமி லூயிஸ் பார்டோ ஓட்டிவந்தது. தென் ஜார்ஜியாவை எட்டிவிட்ட ஷாக்கில்டனுக்கு இது நான்காவது மீட்பு முயற்சி. முந்தைய மூன்றையும் பனி திருப்பி அனுப்பிவிட்டது. படகு நெருங்கியதும், எல்லோரும் நலமா என்று அவர் கத்திக் கேட்டார். எல்லோரும் நலம் என்று வைல்ட் பதில் சொன்னார். மூட்டைகள் கட்டித் தயாராக இருந்ததால், 22 பேரும் ஒரு மணி நேரத்துக்குள் கப்பலேறிவிட்டார்கள்.