எல்லைக்கோட்டுக்கு வெளியே

இங்கிலாந்தில் ஞாயிறு காலைகளில் பூங்காக்களை ஒட்டி நடந்து செல்பவர்களுக்கு, உள்ளே சிறுவர் கால்பந்து நடப்பதை அறியக் கண் வேண்டியதில்லை, காதே போதும். கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் புலப்படும். அந்த இரைச்சலில் சிறுவர்களின் குரல் மிகக் குறைவு. ‘அடி’, ‘ஓடு’, ‘பின்னால் வா’, ‘அவளை விடாதே’ என்பவையெல்லாம் பெரியவர்களின் குரல்கள். ஆடுபவர்கள் பதினால்வர் என்றால் ஆட்டுவிப்பவர்கள் அதைப்போல் இரு மடங்கு.

எங்கள் மகள் எழுவர் அணியொன்றில் ஆடுகிறாள். நான்கு பருவங்களாக, மழையிலும் காற்றிலும், தேநீர்க் குடுவையும் குடையுமாக நாங்கள் இருவரும் அந்தக் கோட்டருகே நின்றுவருகிறோம். அங்கே எழும் சத்தத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது பாராட்டு, அதனால் யாருக்கும் கேடில்லை. இரண்டாவது நடுவர்மீதும் எதிரணிமீதும் பாயும் கோபம். அது தவறென்பது கோபப்படுபவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது அறிவுரை. மிகுந்த அன்போடு வருவதும், தவறென்று எவரும் எண்ணாததும் இதுதான்.

ஒன்பது வயதுச் சிறுமியின் காலுக்குப் பந்து வந்து சேர்ந்ததும் அவளுக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள். எதிராளி எங்கே, தோழி எங்கே, வெற்றிடம் எங்கே என்று பார்த்து அதற்குள் அவள் ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்நேரம் பயிற்சியாளர் ‘கொடு’ என்கிறார், தந்தை ‘அடி’ என்கிறார், வேறு யாரோ ‘திரும்பு’ என்கிறார். அவள் நிமிர்ந்து கோட்டருகே நிற்பவர்களைப் பார்க்கிறாள். பந்து போய்விடுகிறது. பந்து போனால் மீண்டும் வரும். தானே ஒன்றைக் கண்டு, தானே துணிந்து, தவறினால் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அந்த நொடியோடு போய்விடுகிறது. இந்த வயதில் கால்பந்து கற்றுத்தரக்கூடியதில் பெரும்பகுதி அதுவே. 11 வயதுக்குட்பட்டோர் வரையிலான ஆட்டங்களின் முடிவுகளை இங்கே வெளியிடுவதில்லை, புள்ளிப்பட்டியலும் கிடையாது. ஆனாலும் பெற்றோர் பலரின் மனத்தில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கிறது.

இந்த ஆட்டங்களை நடத்தும் நடுவர்களிலும் பலர் சிறுவர்களே. 14 வயதில் நடுவராகப் பயிற்சி பெறலாம். வயதில் இளையவர் என்பது தெரியும்படி சில கவுண்டிகளில் அவர்கள் தனி நிறக் கைப்பட்டை அணிகிறார்கள். எங்கள் நண்பர் ஒருவரின் மகன் அப்படித் தொடங்கியவன். விதிகளை நெட்டுருப் போட்டு, புது விசில் வாங்கி, கண்ணாடி முன் நின்று கையசைத்துப் பழகியவன், முதல் பருவத்தின் நடுவிலேயே விட்டுவிட்டான். ஒரு கார்னர் கிக் குறித்த தீர்ப்புக்காக, அவனுடைய தந்தையின் வயதொத்த ஒருவர் ஆட்டம் முடிந்த பின்னும் கார் நிறுத்துமிடம்வரை அவன் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தாராம். என்ன பேசினார் என்பதை அவன் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

இது எதுவரை செல்லக்கூடும் என்பதை ஐரோப்பா கண்டிருக்கிறது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், தன் மகன் ஆடிய அணிக்காகத் தன்னார்வக் கோட்டு நடுவராக நின்ற ரிச்சர்ட் நியூவென்ஹுய்சன், எதிரணியினரால் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். பின்னர் தண்டிக்கப்பட்டவர்களில் பதின்பருவத்தினரோடு ஒரு தந்தையும் இருந்தார்.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2008இல் ‘மரியாதை’ என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பார்வையாளர்கள் கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, கயிற்றுக்கு அப்பால் நிற்கும் வழக்கம் அதனோடு பரவியது. 2023இல் இளையோர் ஆட்டங்களுக்கென ‘மௌன ஆதரவு’ வார இறுதி ஒன்றையும் சங்கம் நடத்தியது. கைதட்டலாம், கத்தக்கூடாது என்பதே அதன் சாரம்.

எங்கள் மகளின் அணியும் அண்மையில் அப்படியொரு ஞாயிறைக் கடைப்பிடித்தது. வாயை அடக்கச் சிரமப்படுவோருக்கென்று குச்சி மிட்டாய்கள் கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்து எங்களோடு நின்ற அம்மா, “கோயிலிலைகூட இப்பிடி அமைதி இல்லைப் பிள்ளை” என்றார். முதல் பத்து நிமிடங்கள் உண்மையில் சங்கடமாகவே இருந்தன. சிறுமிகளும் அடிக்கடி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மெல்ல அவர்களின் குரல்கள் எழுந்தன. ‘எனக்கு’, ‘இடப்பக்கம் ஆள் வருகிறாள்’, ‘பரவாயில்லை, விடு’. எல்லாவற்றுக்கும் மேலே ஒலித்தது கோல்காப்பாளரின் குரல். வாய் திறந்து பேசாத பெண் என்று நான்கு ஆண்டுகளாக எல்லோரும் நம்பிவந்த சிறுமி அவள். அன்று முழு அணியையும் அவளே நிறுத்தி நடத்தினாள். அந்தக் குரல் முன்பும் இருந்திருக்க வேண்டும். எங்கள் காதுவரை வர அதற்கு வழி இருக்கவில்லை.

பெரியவர்களற்ற ஆட்டம் எங்கள் தலைமுறைக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியில், செருப்புகளைக் கோல்கம்பங்களாக வைத்து ஆடிய காலத்தில் பார்வையாளர் என்று எவரும் இருந்ததில்லை. ஆட்டத்தில் பாதி வாக்குவாதம். பந்து செருப்புக்கு மேலே போனதா, உள்ளே போனதா என்று தொண்டை வறளச் சண்டையிட்டு, கடைசியில் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பொழுது சாய்ந்துவிடும். அந்த உடன்பாடு எப்போதும் நியாயமாக இருந்ததென்று சொல்ல முடியாது. பந்தின் சொந்தக்காரனுக்கு எப்போதும் ஒரு சலுகை இருந்தது. ஆயினும் அதை எட்டியவர்கள் நாங்களே.

இதே எண்ணத்தை ஜெர்மனியில் ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். ஆகன் நகரை அடுத்த பகுதியில் ரால்ஃப் க்ளோர் என்பவர் 2005இல் முன்வைத்த ‘ஃபேர் பிளே லீக்’ திட்டத்துக்கு மூன்றே விதிகள். நடுவர் இல்லை, சிறுவர்களே தீர்மானிப்பார்கள். இரு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பார்கள், தேவைக்கு மட்டுமே தலையிடுவார்கள். பெற்றோர் களத்திலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்பார்கள். இவற்றுள் மூன்றாவதே மிக நுட்பமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பேசாதே என்று எவரையும் அதட்ட வேண்டியதில்லை. அத்தனை தொலைவில் அறிவுரை தானாகவே தேய்ந்து, கைதட்டல் மட்டும் போய்ச் சேரும்.

முழு மௌனம் இயல்பானதன்று என்போர் சொல்வதிலும் உண்மை உண்டு. நல்லதோர் ஆட்டத்துக்கு மகிழ்ந்து கூவுவது குழந்தைக்கும் பிடிக்கும். ஆண்டுக்கொரு ஞாயிறு அமைதி காத்துவிட்டு மறுவாரம் பழைய குரலில் தொடங்குவதிலும் பயனில்லை. களத்தில் அடக்கிய அறிவுரையை, வீடு திரும்பும் காரில், இருக்கைவாரால் கட்டுண்டு தப்ப வழியின்றி அமர்ந்திருக்கும் பிள்ளைமேல் கொட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஆட்டத்தைப் பற்றி அவளாகப் பேசத் தொடங்கினால் கேட்கலாம். இல்லையென்றால் பசிக்கிறதா என்று கேட்டாலே போதும்.

அடுத்த பருவம் முதல் மாதந்தோறும் முதல் ஞாயிறை அமைதி ஞாயிறாக வைத்துக்கொள்வதென்று பெற்றோர் கூடி முடிவு செய்திருக்கிறோம். அந்த நாள்களில் மட்டுமாவது வந்து நடுவராக நிற்க முடியுமா என்று நண்பரின் மகனைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறான்.