ஓடு நகர்ந்தால் யார் ஏறுவது?

படகிலேயே நாள்கணக்கில் வாழ்கிறவர்களுக்குப் பழுதுபார்ப்பது அன்றாடப் பாடு. கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் படகில் இருப்பவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கொத்தமங்கலத்திலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் நிற்கும் பெரிய வீடுகளுக்கும் இதே அன்றாடப் பழுதுபார்ப்பு வேண்டும்; இவற்றின் எதிரி தண்ணீர். இங்கே அது நிதானமாக வேலை செய்வதால் நாம் ஏமாந்துபோகிறோம். அடுக்கடுக்காகப் பரப்பிய நாட்டு ஓட்டின் மேல் குரங்கு ஓடினால் இரண்டு ஓடு நகரும். ஐப்பசி மழை அந்த இடைவெளியில் இறங்கி ரீப்பரை நனைக்கும்; ஈரம் கண்ட மரத்தைக் கரையான் தேடி வரும். பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றி நிறையப் பெருமை பேசியாயிற்று. தூண் நிற்கும், அதன் தலைக்கு மேல் இருப்பதுதான் முதலில் போகும். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தூம்பு வழியாக வெளியேறி ஊருணிக்குச் சேரும்படி கட்டியவர்கள் நம் முன்னோர். அந்தத் தூம்பில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரடியிலேயே தேங்கும். சருகை அள்ளவும் நகர்ந்த ஓட்டைச் சரிசெய்யவும் பெரிய வித்தை தேவையில்லை. இவற்றை வீட்டில் புழங்குகிறவர் அன்றன்றைக்குச் செய்யாவிட்டால், பிறகு எத்தனை லட்சம் கொட்டினாலும் பழைய வீடு திரும்பாது.

"கொத்தனார் வேலையைக் கொத்தனார்தான் செய்ய வேண்டும், அரைகுறையாகக் கைவைத்தால் கெட்டுப்போகும்" என்பார்கள். பாதி நியாயம். கைமரம் மாற்றுவதும் சுண்ணாம்புப் பூச்சும் கைதேர்ந்தவர்களின் வேலை. வயதானவர்கள் கூரையில் ஏறவும் வேண்டாம். நாட்டு ஓடு மிதித்தால் உடையும். ஆனால் தன் வீட்டைத் தெரியாதவர் யாரை அழைப்பார்? கிடைத்த மேஸ்திரியை அழைப்பார். அவர் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டுப் போவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டு ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் இதே கதைதான். துடைத்துப் புழங்கினாலே பளபளக்கும் தரை அது.

"குடியிருக்கவே ஆளில்லை, இதில் எங்கே நாமே செய்வது?" என்பது கனமான கேள்வி. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள்; சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். முன்னோருக்கு வைக்கும் படைப்புக்குக் கூடுவார்கள், மறுநாள் பூட்டிவிட்டுப் புறப்படுவார்கள். செலவுக் கணக்கு தீராத வீடுகள் பல பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவுமாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. இதே கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீரமைத்த சாரதா விலாஸ் இன்று விடுதியாக நடக்கிறது. பணம் செலவானது உண்மை; அங்கே தினமும் ஆள் நடமாடுவதும் உண்மை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியல் எதுவும் தூம்பைத் தூர்வாராது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பங்காளியிடம் சாவியோடு சிறு செலவுக்கான பணத்தையும், யாரையும் கேட்காமல் செலவழிக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

புரட்டாசிக்குள் தூம்பையும் ஓட்டையும் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை படைப்புக்கு மட்டும் போகாமல், ஐப்பசியில் ஒரு நல்ல மழை நாளிலும் போய் வீட்டுக்குள் நில்லுங்கள். எங்கே ஒழுகுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.