மொழிக்கு முதலில் வராதவை

பிரெஞ்சு ஸ்கிறபிள் விளையாட்டில் கே என்ற எழுத்துக்குப் பத்துப் புள்ளி. வை எழுத்துக்கும் பத்து. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஐந்தும் நான்கும்தான். பிரெஞ்சு மொழியில் இவை இரண்டும் அரிது. எங்கள் வீட்டுப் பெயர்களிலோ இவை இல்லாத பெயர் அரிது. கந்தையா என்று அடுக்கினால் இந்த இரண்டு எழுத்திலேயே இருபது புள்ளி வந்துவிடும். ஆனால் ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் செல்லாது என்பது அந்த விளையாட்டின் விதி. அதனால், இதைத் தமிழில் செய்து பார்க்க நாங்கள் வெளிக்கிட்டபோது முதலில் எழுதிவைத்த விதி, பெயர்கள் எல்லாம் செல்லும் என்பதுதான்.

அடுத்தது 247 எழுத்துகளின் பிரச்சினை. அத்தனைக்கும் மட்டை வெட்டினால் சொல் ஒன்றும் சேராது. கடைசியில், ஒரு மட்டைக்கு ஒரு குடும்பம் என்று தீர்மானித்தோம். ம என்று எழுதிய மட்டை ம், மா, மி, மோ எல்லாவற்றுக்கும் பொது. மகரமும் ரகரமும் கையில் இருந்தால் மோர் ஆகலாம், மாரி ஆகலாம். குறுக்கே மோ என்று வாசித்ததை நெடுக்கே மா என்று வாசிக்கலாம்.

எந்த எழுத்துக்கு எத்தனை மட்டை? ஸ்கிறபிளை உண்டாக்கிய அல்பிரெட் பட்ஸ் 1930களில் அமெரிக்கப் பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் பங்கிட்டாராம். நாங்களும் எண்ணினோம். கையில் அகப்பட்டது ஊரிலிருந்து ஒடியல் சுற்றி வந்த பத்திரிகைத் தாள். அதுவும் மரண அறிவித்தல் பக்கம். பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும், காலமானார் என்று திரும்பத் திரும்ப அதே சொற்கள். ஆகவே எங்கள் பெட்டியில் மகரமும் வகரமும் டகரமும் தாராளம். வேறு பக்கம் எடுத்து எண்ணுவோம் என்று யாரோ சொன்னபோது மட்டைகள் வெட்டி முடிந்திருந்தன. டகரம் ஏன் இத்தனை என்று பிள்ளைகள் இதுவரை கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

விளையாடத் தொடங்கியபின்தான் சொல் தேடுகிற கஷ்டம் தெரிந்தது. அகராதி உதவவில்லை. 1842இல் அச்சான மானிப்பாய் அகராதியில் 58,000க்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. இருந்தென்ன, அகராதி முதலெழுத்தால் அடுக்கப்பட்டது. ழ, ள, ற, ன, ண எதுவும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ழகரத்தைக் கையில் வைத்திருப்பவர் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

பிள்ளைகளின் அம்மப்பா ஊரில் பண்டிதர் பரீட்சைக்குப் படித்தவர். "அகராதியை விடுங்கோ, நிகண்டைப் பாருங்கோ" என்றார். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தின்படி, அமைந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதியிலும் (1732) நான்காம் பகுதி தொடைக்கென்றே செய்யப்பட்டது. செய்யுள் கட்டுகிறவனுக்கு இரண்டாம் எழுத்து ஒன்றிய சொற்கள் வேண்டும். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, காரணம் மட்டும் வேறு. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்: மழை, வாழை, தாழை, கிழமை, உழவு, கூழ்.

கூழ் இரண்டே மட்டைதான். அதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. ஒடியல் மா, நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பலாவிலையைக் கோலிக் குடிப்பது. இலையில் ஏன் குடிக்கவேண்டும், கோப்பை இல்லையா என்று சின்னவள் கேட்டாள். அந்த ஆட்டம் அன்றைக்கு முடியவேயில்லை.

சண்டை வந்தது அவள் லண்டன் என்று வைத்த நாளில்தான். லகரம் மொழிக்கு முதலில் வராது என்றார் அம்மப்பா. வரவேண்டுமென்றால் நன்னூல்படி முன்னால் ஓர் இகரமோ உகரமோ துணை நிற்கவேண்டும். இலங்கை அப்படி வந்ததுதான், உலோகமும் அப்படித்தான். "இலண்டன் எண்டு வை, புள்ளி தாறன்."

"ரெலிபோனில லண்டன் எண்டுதானே எல்லாரும் சொல்லுறீங்கள்" என்றாள் அவள்.

மூத்தவன் புத்தகத்தைப் புரட்டி வேறொன்றைக் கண்டுபிடித்தான். தொல்காப்பியம் சகரத்தை அகரத்தோடு சேர்த்து மொழிக்கு முதலில் விடவில்லை. "அப்ப சம்பல்?" என்றான். சம்பல் இல்லாமல் அம்மப்பாவுக்குப் பாண் இறங்காது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைப் பிறகு நன்னூலில விட்டிட்டினம்" என்றார்.

"அப்ப கொஞ்சம் பொறுத்தால் லண்டனையும் விடுவினம்தானே?"

யோசித்துப் பார்த்தால், எங்கள் சனம் போய்ச் சேர்ந்த இடங்களில் பாதி இப்படித்தான். லண்டன், ரொறன்ரோ, ஜெர்மனி, டென்மார்க். தமிழ் முதலில் விடாத எழுத்துகளில் தொடங்கும் நாடுகளும் நகரங்களும்தான் எங்களை உள்ளே விட்டன, அதுவும் பலருக்குப் பல வருடங்கள் மனுப்போட்டு அலைந்தபின். இப்போது எங்கள் வீட்டில், லண்டனுக்கு இகரம் வைத்தால் ஒரு புள்ளி கூட, வைக்காவிட்டாலும் குற்றமில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். ரொறன்ரோவுக்கும் அப்படியே. டகரத்துக்கு நன்னூல் துணையெழுத்து எதுவும் சொல்லாததால் டென்மார்க்கின் வழக்கு மட்டும் இழுபடுகிறது. அங்கே இருக்கிற சித்தப்பா ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம், தன் நாட்டுக்கு வதிவிட அனுமதி கிடைத்ததா என்று விசாரிக்கிறார்.