நேராக உட்கார் என்று சொல்வதற்கு முன்

இரண்டு வருடங்களாக அந்தக் கணக்கு ஆசிரியை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "சீதி பைட்டோ." நேராக உட்கார். கிழக்கு டெல்லியில் ஓர் அரசுப் பள்ளி. காலை ஷிப்டில் ஏழாம் வகுப்பு படித்த சிறுமி அவள். சொன்னவுடன் நிமிர்வாள். இரண்டே நிமிடம்தான், மறுபடி நோட்டின் மேல் கவிழ்ந்துவிடுவாள். கூன் விழுந்துவிடும் என்று வீட்டிலும் முதுகில் தட்டு விழும். உயரமான பெண் என்பதால் கடைசி பெஞ்ச். கரும்பலகையில் கணக்கு எழுதினால் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்ப்பாள். வகுப்பில் அதற்குப் பெயர் காப்பி. அதற்கும் தண்டனை உண்டு.

2019 நவம்பர். புகைமூட்டத்துக்காக விட்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயத்தில், கண் பரிசோதனை வேலை ஆசிரியையின் தலையில் விழுந்தது. அரை நாள் பயிற்சி, ஓர் அட்டை, ஒரு டேப். வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு என்று ஆசிரியர்கள் மேல் ஏற்கனவே சுமத்தப்படும் வேலைகளோடு இன்னொன்று. அவருக்கு அதில் உற்சாகம் எதுவும் இல்லை.

பரிசோதனை எளிமையானது. ஆங்கில 'இ' எழுத்தின் கால்கள் மேல், கீழ், இடம், வலம் என்று எந்தத் திசையில் இருக்கின்றன என்பதை மாணவி 6 மீட்டர் தூரத்தில் நின்று விரலால் காட்ட வேண்டும். நல்ல பார்வை உள்ளவருக்கு 9 மீட்டரிலேயே தெரியக்கூடிய அளவு எழுத்து அது. 6 மீட்டரில் தெரியவில்லை என்றால் கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்ப வேண்டும். மற்றொரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள், அல்லது அழுத்தத்தில் அந்தக் கண் சற்று நேரம் மங்கிவிடும்.

வகுப்பறையில் இடம் போதாமல் தாழ்வாரத்தில் டேப் விரிக்கப்பட்டது. அந்தச் சிறுமியின் முறை வந்தது. நான்கு திசைகளையும் தயக்கமின்றிக் காட்டினாள். ஆசிரியைக்கு ஏதோ உறுத்தியது. வரிசையில் முன்னால் நின்றவள் காட்டியதும் இதே வரிசைதானே? அட்டையைத் திருப்பிப் பிடித்தார். சிறுமியின் கை அந்தரத்தில் நின்றது. பாதி தூரத்துக்கு வரச் சொன்னார். அப்போதும் தெரியவில்லை.

இரண்டு வருடமாக அவள் கரும்பலகையைப் பார்த்ததே இல்லை. நோட்டையும் குனிந்தால்தான் பார்க்க முடிந்திருக்கிறது.

அரசு மருத்துவமனையில் மைனஸ் 5 என்றார்கள். கண்ணாடி கைக்கு வர மூன்று நடை, அம்மாவுக்கு மூன்று நாள் கூலி நஷ்டம். முதுகையும் பார்த்துவிடுங்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டார். எலும்புப் பிரிவில் பெண் மருத்துவர் ஒருவர் சிறுமியை இரு கைகளையும் சேர்த்து முன்னால் குனியச் செய்து பின்னாலிருந்து பார்த்தார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் விலா ஒரு பக்கம் மேடாகத் தூக்கிக்கொண்டு தெரியும். இவளுக்கு இரண்டு பக்கமும் சமம். கூன் அல்ல, கண் கற்றுக்கொடுத்த பழக்கம்.

குழந்தைகளின் முதுகைப் பற்றி இந்த நாடு பேசாமல் இல்லை. 1989இல் மாநிலங்களவையில் ஆர்.கே. நாராயண் பேசிய கன்னிப் பேச்சே புத்தகப் பை சுமையில் குனிந்து நடக்கும் பிள்ளைகளைப் பற்றியதுதான். யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. குழந்தையின் எடையில் 10 சதவிகிதத்துக்கு மேல் பை இருக்கக்கூடாது என்றது 2020இன் கொள்கை. பையை எடை போடுகிறோம். முதுகைத் திருப்பிப் பார்ப்பதுதான் இல்லை. கனமான பை வலி தரும்; ஆனால் வளரும் வயதில் சிலருக்கு வரும் பக்கவாட்டு வளைவுக்குப் பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை. பையை இறக்கி வைத்தால் அது சரியாகிவிடாது. நேரத்தில் கண்டுபிடித்தால் முதுகுக் கச்சை போட்டு மேலும் வளையாமல் தடுக்கப் பார்க்கலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க வகுத்த 30 குறைபாடுகளில் பார்வைக் குறை உண்டு. இந்த வளைவு இல்லை.

கண்ணாடி வந்துவிட்டது. மூக்கில்தான் ஏறவில்லை. டப்பாவோடு பைக்குள் கிடந்தது. 'சஷ்மிஷ்' என்று தோழிகள் கேலி. கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது பாட்டியின் கவலை. போடப் போட பவர் ஏறும் என்பது அப்பாவின் கட்சி. கண்ணாடியால் பவர் ஏறுவதில்லை. வளரும் வயதில் கண்விழி நீள்வதால் ஏறுகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் அது நிற்காது. பரிசோதனைப் பதிவேட்டில் 'கண்ணாடி வழங்கப்பட்டது' என்று எழுதக் கட்டம் இருக்கிறது. அணிகிறாளா என்று எழுதக் கட்டம் இல்லை.

ஆசிரியை கைப்பையில் நாற்பது வயதுக்கு மேல் வாங்கிய ஒரு கண்ணாடி ஒளிந்திருந்தது. வீட்டில் மட்டும்தான் போடுவார். ஒரு திங்கட்கிழமை அதை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை. சிறுமி முதல் பெஞ்சுக்கு மாற்றப்பட்டாள். ஒரு வாரம் கழித்து அவள் பையிலிருந்தும் டப்பா வெளியே வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பு அப்பாவின் செல்போனுக்குள் போனது. மைதானம் போனது, தாழ்வாரமும் டேப்பும் போயின. 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு திறந்தபோது அவள் இன்னும் உயரமாகியிருந்தாள். காதோரம் டேப் ஒட்டிய அதே பழைய கண்ணாடி. முகக்கவசத்துக்கு மேல் ஆவி படிந்திருந்தது.

முதல் கணக்கை எழுதிவிட்டு ஆசிரியை திரும்பினார். அவள் மறுபடி நோட்டின் மேல் குனிந்திருந்தாள்.

'சீதி' என்ற சொல் நாக்கு வரை வந்தது. ஆசிரியை அதை விழுங்கிக்கொண்டு, அலமாரியைத் திறந்து அட்டையைத் தேடினார்.