கூரை கழன்ற ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கூரையை எடுக்க எதையும் அறுக்க வேண்டியதில்லை. போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். இந்த வசதிக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1950களில் போட்டிக்காரர்களான பி.எம்.சி. வாங்கிவிட்டார்கள். அடுத்த காருக்கு முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. சரி, துண்டு துண்டாகச் செய்து தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி அந்தத் துண்டுகளுக்கு அழகான உருவம் கொடுத்தார். 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. 1961-ல் அதே கார் வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு' ஹெரால்டாகப் பிறந்தது. அம்பாசடர் கல்கத்தாவுக்கு, ஃபியட் பம்பாய்க்கு என்றால் ஹெரால்டு நம்மூருக்கு.

என் பெரியப்பாவிடம் இருப்பது இரண்டு கதவு வைத்த 1965 மாடல். 1972-ல் இரண்டாம் கையாக வாங்கி, ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் கூரையைக் கழற்றி, ரெக்சின் ஹூட் போட்டு, ஆர்.சி.யிலும் ஏற்றிக்கொண்டார். அந்தக் காரில்தான் பெரியம்மாவைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதில்தான் என் அக்கா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள்.

2014-ல் ஒரு மழை நாள், லஸ் கார்னர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். உள்ளே தண்ணீர் போனால் ஷூ வழுக்கும். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு அம்மாவும் பிள்ளையும். கை பிரேக்கை இழுத்து, ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பெரியம்மா கதவைத் திறந்து இறங்கினார். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் காரில் உட்காரவே இல்லை.

அடுத்த வருஷம் டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் வந்தது. ஷெட்டில் நின்ற ஹெரால்டு ஸ்டியரிங் வரை மூழ்கியது. வடிந்த பிறகு சீட்டுக்கு அடியிலும் சேஸிஸ் குழிகளிலும் சேறு. சில வருஷங்கள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடலாமா என்று பேச்சு வந்தபோதுதான் மந்தைவெளி பாய் வீட்டுக்கு வந்தார்.

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் மாதிரி முன்னால் திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாய் அப்படி உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். பிறகு, "எஞ்சின் கெடக்கு சார், அதப் பாத்துக்கலாம். பிரேக்க மாத்தணும்" என்றார்.

"ஒரிஜினல்னா எல்லாம் ஒரிஜினல். இல்லேன்னா வேணாம்."

"ஒரிஜினல் பிரேக்குக்கு ஒரிஜினல் மவுன்ட் ரோடு வேணும் சார். அதுக்கு நான் எங்க போவேன்?"

பெரியப்பா மகன் வேறு பக்கம் இழுத்தான். "மாருதி எஞ்சின எறக்கிடலாம்ப்பா. ஏசி கூட வெச்சுக்கலாம்." ஊரில் பலர் செய்வதுதான். ஆனால் ஹெரால்டின் 948 சிசி எஞ்சினும் மாருதி 800-ம் பலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த மாற்றத்தில் கிடைப்பது சௌகரியம். போவது அந்தச் சத்தம்.

சட்டமும் குறுக்கே நின்றது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம், 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். பெரியப்பா அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பாண்டி பஜாருக்குக் காப்பிப்பொடி வாங்கப் போகக் கூடாதா?" எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பரே போதும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாதையிலும் ஆர்.சி.யில் உள்ள எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றி 2019-ல் உச்ச நீதிமன்றமும் கறாராகவே சொல்லியிருக்கிறது.

எனக்கு இந்த வாதத்தில் ஸ்டாண்டர்டு 2000 ஞாபகம் வந்தது. 1985-ல் அதே கம்பெனி, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் கூர்மையான புது உடம்பை இங்கே கொண்டுவந்து, 1940களின் வான்கார்டு காரிலிருந்து வழிவந்த 1991 சிசி எஞ்சினை உள்ளே வைத்தது. பார்த்தால் நாளைய கார், மிதித்தால் தாத்தா காலத்துக் கார். விலை அதிகம், பெட்ரோலும் குடித்தது. சில வருஷங்களில் கம்பெனியே மூடிப்போனது. புது முகம் காட்டிப் பழசை விற்றால் வாங்கியவனுக்குக் கோபம் வரும். நாங்கள் செய்யப்போனது நேர்மாறு: முகம் அப்படியே இருக்கட்டும், உயிர் காக்கும் பாகங்கள் மட்டும் இன்றைக்கு வரட்டும்.

பாய் கடைசியில் ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டார். வெட்டக் கூடாது, வெல்டிங் துருப்பிடித்த இடத்தில் மட்டும். புதிதாக மாட்டுகிற பாகம் எதுவானாலும் நாளைக்கு ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடிய வேண்டும்.

முன் சக்கரங்களுக்கு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டின் சேஸிஸிலிருந்து வந்த வண்டிதான், அதனால் சொந்தக்கார வீட்டுச் சாமான் மாதிரி உட்கார்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயின்ட் இருந்த இடத்தில் விரல் நீள எலக்ட்ரானிக் இக்னிஷன். டைனமோ இருந்த இடத்தில் மாருதி ஆல்டர்னேட்டர். டி. நகர் சிக்னலில் கொதிக்காமல் இருக்க ரேடியேட்டருக்கு முன்னால் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு மின்விசிறி. 2000-ல் பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியதிலிருந்து பழைய வால்வு சீட்டுகள் சீக்கிரம் தேயும். ஹெட்டை லேத்துக்கு அனுப்பிக் கெட்டியான சீட் போட்டோம். இப்போது பங்கில் வருவது இ20. எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினார். கடல் காற்றும் வெள்ளமும் தின்ற சேஸிஸ் ஓரங்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. பதினான்கு மாதம்.

வேலை நடக்கும்போது பெரியப்பா தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்காருவார். முதலில் ஒவ்வொரு புதுப் பாகத்தையும் சந்தேகமாகப் பார்த்தார். ஒருநாள் பாய் எதார்த்தமாகச் சொன்னார்: "ஹெரால்டுக்கு அப்புறம் வந்த கேஸல்ல பின்னாடி ஆக்ஸிலயே மாத்திட்டான் சார் கம்பெனிக்காரன். பழைய ஸ்விங் ஆக்ஸில் நம்ம ரோட்டுக்கு ஒத்து வரல. செஞ்சவனே மாத்துனான்." பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டிஸ்க் பிரேக்கை அவரே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி தயாரான ஞாயிறு காலை ஐந்தரைக்கு எலியட்ஸ் பீச் போவதாக ஏற்பாடு. பெரியம்மா வாசலில் நின்றார். "பிரேக் போட்டுக் காட்டுங்க" என்றார். பெரியப்பா காலியான தெருவில் வேகமெடுத்து, அழுத்தினார். வண்டி மூக்கைத் தாழ்த்தி நேராக நின்றது. "இன்னொரு தடவ." மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை தெருவில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். அதற்கும் நின்றது. பெரியம்மா செருப்பைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

கழற்றிய பாகங்களையெல்லாம் பெரியப்பா ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். டைனமோ, பாயின்ட், டிரம், ஷூ. ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய அட்டை, அதில் எங்கிருந்து எடுத்தது, எந்த ஸ்பேனர், எத்தனை போல்ட் என்று அவர் கையெழுத்து. அவருக்கு 79 வயது. "நாளைக்கு யாராவது இது ஒரிஜினலா இருக்கணும்னு நெனச்சா, ஒரு ஞாயித்துக்கெழம போதும்" என்கிறார்.