கரம்பொன் சுவாமி

நயினாதீவு,
20.9.1980

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் நேற்றைய லோஞ்சில் வந்தது. தனிநாயகம் சுவாமியின் மறைவுச் செய்தியை அங்கே பத்திரிகையிலேயே பார்த்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். இந்த மாதம் முதலாம் திகதி போனார். 67 வயது. கோலாலம்பூரில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள், நான் பேசவேண்டும், விவரம் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். ஆனால் ஒன்று: தமிழுக்காகவே பிறந்தார், தமிழாகவே வாழ்ந்தார் என்ற தோரணையில் மட்டும் பேசிவிடாதே. இங்கே அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய்விட்டது. மனிசன் இருந்திருந்தால் இரண்டாவது வசனத்திலேயே "ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருப்பார்.

அடக்கத்தன்று நல்ல சனம். குருமார், கன்னியாஸ்திரிகள் ஒரு பக்கம். திருநீறு பூசிய கிழவர்களும் குறைவில்லை. தீவுப் பகுதியில் இருந்து போனவர்கள் நாங்கள் ஒன்றாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் நின்ற கரம்பொன் ஆச்சி ஒருத்தி "எங்கடை பொடியன், எங்கடை பொடியன்" என்று அழுதாள். ஊருலகம் அடிகளார், பேராசிரியர் என்று மரியாதை சொன்ன ஆளைப் பொடியன் என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் இன்னும் இரண்டு பேராவது இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு ஆறுதல்.

ஊரைச் சரியாகச் சொல். பலர் யாழ்ப்பாணத்தார் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். பிறந்தது 1913 ஓகஸ்ட் 2, ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில். தகப்பன் வழி நெடுந்தீவு. சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்று இருந்தவர் பிறகு எடுத்துக்கொண்ட தனிநாயகம் என்ற பெயர், யாழ்ப்பாண வைபவமாலை நெடுந்தீவோடு சேர்த்துச் சொல்லும் தனிநாயக முதலியின் பெயர். படித்தது ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம், அங்கிருந்து உரோமாபுரி.

உரோமில் அவர் செய்த ஆய்வை எங்கள் ஆட்கள் யாரும் இந்த நாட்களில் வாயால் எடுக்கவில்லை. புனித சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தேஜ் குருமாரைப் பற்றியது அது. முழுக்க முழுக்க வரலாறு. பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு ஒரு திருச்சபை எப்படி இயங்கியது என்று பார்ப்பது. தமிழுக்கு வருமுன்பே ஆளுக்கு அந்தப் பயிற்சி கைவந்துவிட்டது. நீ இதை முதலில் சொல்லு. பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் திறப்பு இதிலேதான் இருக்கிறது.

தமிழைப் பிந்தித்தான் முறையாகப் படித்தார். 1940இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கே ஒரு பண்டிதரிடம் மாணாக்கனாக இருந்து சங்க நூல் படித்தார். உரோமில் கலாநிதிப் பட்டம் வாங்கிய குருவானவர், பண்டிதருக்கு முன்னால் போய் அரிச்சுவடிப் பிள்ளை மாதிரி இருந்தார் என்பதை யோசித்துப் பார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இருந்து வந்ததுதான் பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பற்றிய ஆய்வு. கிரேக்க, இலத்தீன் கவிகளை மூலத்திலேயே படித்த ஒருவர் நெய்தலையும் முல்லையையும் அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதற்கு முன் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று. கடலுக்குள் பிறந்த ஆள் நெய்தலைப் பற்றி எழுதினால் அது தனி என்று நான் சொல்லுவேன், நீ சிரிப்பாய்.

இனி எங்கள் வகுப்பு. அவர் 1952 தொடக்கம் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையில் இருந்தார். நேரசூசியில் கல்வி என்று இருக்கும், உள்ளே நடப்பது வரலாறுதான். வெள்ளை அங்கி, மெல்லிய குரல், அவசரமில்லாத பேச்சு. சத்தம் போட்டு ஒருநாள் கேட்டதில்லை. ஆனால் கடைசி வாங்கில் இருக்கிறவனும் முன்னுக்குச் சரிந்துகொண்டு இருப்பான். செனெக்காவில் தொடங்கிக் கணியன் பூங்குன்றனுக்கு வந்து, அங்கிருந்து திருக்குறளுக்குப் போய்விடுவார். உரோமர் சொன்னதும் தமிழர் சொன்னதும் ஒன்று என்று ஒருபோதும் சொல்லமாட்டார். எங்கே ஒக்கும், எங்கே ஒவ்வாது என்று பிரித்துக் காட்டுவார். நானும் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறேன், அந்தப் பிரித்துக் காட்டல் மட்டும் எனக்கு இன்னும் முழுசாகக் கைவரவில்லை.

தமிழ் அச்சு பற்றிய சங்கதியைக் கட்டாயம் சொல். லிஸ்பனில் 1554இல் அச்சான ஒரு சின்ன ஞான உபதேசப் புத்தகம், தமிழை உரோமன் எழுத்தில் அச்சடித்தது, அங்கே ஒரு நூதனசாலையில் கிடந்ததை 1954இல் பார்த்துத் தமிழ் உலகுக்கு அறியத் தந்தவர் அவர். சரியாக 400 வருஷம். பிறகு வத்திக்கான் நூலகத்தில் இருந்த புறோயன்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி. 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. அதை 1966இல் உங்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அப்படியே படியெடுத்து வெளியிட்டார். மேடையில் தமிழ் மூத்தது என்று நூறு பேர் முழங்கலாம். இந்த ஒரு அகராதியைத் தேடி எடுக்க போர்த்துக்கேயமும் இலத்தீனும் தெரிந்து, தூசிக்குள் நாள்கணக்காக இருக்கிற பொறுமையும் வேண்டும்.

உலகத் தமிழ் மாநாடுகளைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1964 ஜனவரியில் டில்லியில், கீழைத்தேய அறிஞர் மாநாட்டுக்கு வந்தவர்களைச் சேர்த்து ஆராய்ச்சி மன்றம் தொடங்கியது, 1966இல் உங்கள் ஊரில் முதல் மாநாடு, 1968 சென்னை, 1970 பாரிஸ். பிலியோசா, பறோ, எமனோ, சுவெலபில் என்று தமிழருக்கு அப்பால் இருந்தவர்களைத் தமிழுக்குள் இழுத்துவந்து ஒரு மேசையில் இருத்தினார். அவர் கடிதம் எழுதிச் சிநேகிதம் பிடிக்கிற விதத்தை நீயே கண்டிருக்கிறாய்.

இதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு, கூட்டத்தில் சொன்னாலும் சரி, விட்டாலும் சரி. எங்கள் நாகபூசணி அம்மன் கோவிலில் கிடக்கிற கல்வெட்டை இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார் அல்லவா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் வெட்டுவித்தது. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில், இன்றைய எங்கள் ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. ஆனை, குதிரை கொண்டுவரும் கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. எங்களை ஒரு ஒதுக்குப்புறத் தீவார் என்று யாழ்ப்பாணப் பட்டணத்தார் நினைக்கட்டும். பிறத்தியானுக்குத் துறை திறந்து வைத்துக் கணக்கும் எழுதி வைத்த இடம் இது. சுவாமி அந்த ஊராத்துறைக்காரன். அவருடைய உலக சிநேகிதத்துக்கு உரோமாபுரிதான் காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் பாதிதான் ஒப்புவேன்.

மனக்குறை ஒன்றும் இருக்கிறது, உனக்கு மட்டும். தன் முக்கியமான ஆய்வுகளை எல்லாம் இங்கிலீசில் எழுதினார். வெளிநாட்டான் படிக்கவேண்டும் என்ற நோக்கம் விளங்குகிறது. 1952இல் தொடங்கிய "தமிழ்க் கல்ச்சர்" சஞ்சிகையால்தான் எத்தனையோ பேர் தமிழைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவருக்காக அழுத கரம்பொன் ஆச்சியின் பேரப்பிள்ளை அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பக்கம் படித்திருக்குமா? "தமிழ்த் தூது", "ஒன்றே உலகம்" இரண்டையும் வைத்து அவரை அளந்தால் பயணக் கதை எழுதிய பாதிரியார் என்றுதான் பிள்ளைகள் நினைக்கும்.

1974 யாழ்ப்பாண மாநாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சுருக்கமாக எழுதுகிறேன். ஜனவரி 10 இரவு வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். நயினார் முகமது பேசிக்கொண்டிருந்தார். பொலிஸ் புகுந்தது, மின்கம்பி அறுந்தது, ஒன்பது சீவன் போனது. நீதியரசர் டி கிறெற்சர் தலைமையில் பிரசைகள் வைத்த விசாரணைக் குழு பொலிசார் மேல்தான் பிழை என்று கண்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆராய்ச்சிக்கென்று அவர் கட்டிய மாநாடு அன்றோடு வேறொன்றாகிவிட்டது. இப்போது பொடியள் அவர் பெயரைச் சொல்லும்போது அந்த இரவைத்தான் நினைக்கிறார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த வருஷம் செல்வநாயகம் நினைவுப் பேருரை அவர்தான் செய்தார். விஷயம், தமிழ் ஆராய்ச்சியில் இதுவரை நடந்ததும் இனி நடக்க வேண்டியதும். ஒப்பாரி இல்லை, பெருமை இல்லை. எந்த வேலை பாக்கி என்று ஒரு பட்டியல்தான். உன் பேச்சையும் அப்படியே முடி.

கடைசியாக ஒரு காரியம். உன்னிடம் இருக்கிற "தமிழ்க் கல்ச்சர்" இதழ்களையும், அவர் உனக்கு எழுதிய கடிதங்களையும் அங்கே பெட்டிக்குள் வைத்திருக்காதே. என்னிடம் உள்ளதோடு சேர்த்து யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒப்படைத்துவிட எண்ணியிருக்கிறேன். இங்கே உப்புக்காற்றில் தாள் மக்கிப்போகும், வீடுகளில் பிறகு யார் பார்ப்பார்கள்? நூலகத்தில் என்றால் பத்திரமாக இருக்கும், ஆராய வருகிறவனுக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். தபாலில் போடாதே, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்து அனுப்பு. வருகிற சித்திரைக்குள் வந்து சேர்ந்தால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மச்சான்