துஷெய்கோவின் கடிதங்கள்

கொலை நாவல் என்றால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஐம்பது பக்கத்துக்குள் கொலையாளி யாரென்று முடிவு கட்டிவிட்டு, மீதியைச் சரிபார்க்கத்தான் படிப்பேன். ஓல்கா டோகார்ச்சுக்கின் ‘டிரைவ் யுவர் ப்ளோ ஓவர் தி போன்ஸ் ஆஃப் தி டெட்’ என்னை நன்றாக ஏமாற்றியது. போலிஷ் மொழியில் 2009-ல் வந்த நாவல். அந்தோனியா லாய்ட்-ஜோன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-ல் வந்தது.

துப்பறிபவர் யானினா துஷெய்கோ. வயதானவர். ஒரு காலத்தில் பாலம் கட்டிய பொறியாளர். இப்போது செக் எல்லையோர மலைக்கிராமம் ஒன்றில் தனியாக இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். பனிக்காலத்தில் ஊரில் இல்லாதவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். யானினா என்று கூப்பிட்டால் பிடிக்காது. மற்றவர்களுக்கோ இவரே பெயர் வைப்பார். பக்கத்து வீட்டு ‘பிக் ஃபுட்’ தொண்டையில் மான் எலும்பு சிக்கிச் செத்துக்கிடப்பதில் கதை தொடங்குகிறது. பிறகு வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். விலங்குகள்தான் பழிவாங்குகின்றன என்று ஜாதகக் கணக்கோடு போலீசுக்குக் கடிதம் எழுதுகிறார். பதிலே வராது. கிறுக்குக் கிழவி, அவ்வளவுதான்.

வாக்கியத்தின் நடுவிலேயே, தனக்கு முக்கியமான சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவார். இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? நமக்குத்தான் பெரிய எழுத்தே கிடையாதே. தடித்த எழுத்தில் போட்டால் கத்துகிற மாதிரி ஆகிடும்.

ஜோதிடம் வந்த இடமெல்லாம் தாண்டிக்கொண்டே போனேன். சனியும் செவ்வாயும் நம்ம வீட்டுலயே பார்த்தாச்சு என்ற அலட்சியம். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் படித்து முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். கிழவி எதையும் பெரிதாக ஒளிக்கவில்லை. சொன்னவர் அவர் என்பதால் நான்தான் காதில் வாங்கவில்லை. அந்தப் போலீஸ்காரர்களும் நானும் ஒரே கட்சி.

என் முதல் வேலையில் ஒரு டெஸ்டர் அக்கா இருந்தார். ஒரு பிழையைச் சொல்ல மூன்று பக்கம் மெயில் எழுதுவார். அதில் பத்து வருடத்துக்கு முந்தைய பிராஜெக்ட் கதையும் இருக்கும். “புராணம் வந்துடுச்சுடா” என்று சிரிப்போம். ஒரு ஞாயிறு ராத்திரி ரிலீஸ் படுத்துவிட்டது. மூன்று மணிக்கு, வேறு வழியில்லாமல் அவர் மெயிலைத் திறந்தேன். எந்த டேபிள், எந்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும், எல்லாம் நாலாவது பத்தியில் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு நான் அனுப்பிய பதிலும் மேலேயே இருந்தது: “நோட்டட், தேங்க்ஸ்.”

காலையில் காபி மெஷின் பக்கத்தில் பார்த்தார். “ராத்திரி தூங்கலையாப்பா?” என்றார். மெயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.